தேன் பெட்டி சொன்ன கதைகள்

தேனீயைப் பற்றி மனிதன் கட்டிய கதைகளுக்குக் கணக்கில்லை. உழைப்புக்கு உருவகம் என்றான். சிக்கனத்துக்கு ஆசான் என்றான். செங்கோல் ஆட்சிக்கு இலக்கணம் என்றான். சோம்பேறிப் பிள்ளையைத் திருத்த முனையும் பெரியவர்கள் முதலில் எறும்பைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எறும்பு பலிக்காதபோது தேனீயைக் கூப்பிடுவார்கள். இத்தனை புகழ்ச் சுமையையும் தாங்கிக்கொண்டு அந்தச் சிற்றுயிர் எப்படித்தான் பறக்கிறதோ, நான் அறியேன்.

நேயர்களே, நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களின் ஓரத்தில் ஆறு பெட்டி தேனீ வைத்திருப்பவன். எங்கள் பக்கத்தில் இத்தொழில் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1910-களில் திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார், மரப்பொந்தில் வாழும் நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வகுத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். 1920-களில் மார்த்தாண்டத்தில் அமைந்த கிராமப் புனருத்தாரண நிலையம், பெட்டியில் தேனீ வைக்கும் கலையை உழவர் வீடுகளுக்குக் கொண்டுசென்றது.

வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். பார்க்குந்தோறும் ஒரு கதை தோன்றும். அதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லி முடித்ததும், "இதில் மெய் எவ்வளவு, கற்பனை எவ்வளவு?" என்று அவர்களையே கேட்பேன். ஏனெனில், பொய்க்கதையைக் கேட்பதனால் பிள்ளைகளுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்காரன் பொய்க்கதையை நம்பிவிட்டால் நஷ்டம் தேனீக்கு. சில நாளில் அவனுக்கும்தான். அக்கதைகளுள் ஐந்தை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதற்கதை, ஆணை பிறப்பித்த அரசியின் கதை.

ஒரு பெட்டியில் ஓர் அரசி இருந்தாள். ஒருநாள் காலை எழுந்து, "இன்று முதல் எல்லோரும் தென்னம்பூவுக்கு மட்டுமே செல்லவேண்டும்" என்று கட்டளை இட்டாள். பக்கத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு தோழியர் அவள் முகத்தைத் துடைத்தனர்; வாயில் உணவை ஊட்டினர்; அடுத்த காலியறையைக் காட்டி, "அம்மா, முட்டையிட நேரமாயிற்று" என்றனர். கட்டளையை எடுத்துச் செல்ல அந்த அரண்மனையில் ஒரு சேவகரும் இல்லை. அரசி பெருமூச்சு விட்டு முட்டையிடப் போனாள்.

கதையில் கட்டளை மட்டுமே கற்பனை, மற்றவை மெய். பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கூட்டத்தின் நடுவே இருக்கும் பெரிய தேனீயை அரசன் என்று எழுதினார். பல நூற்றாண்டுகள் உலகம் அதையே நம்பிற்று. 1609-ஆம் ஆண்டில் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலேயர், அது அரசன் அன்று, அரசி என்று நூல் எழுதினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாலந்து தேசத்துச் சுவாமர்டாம், நுண்ணோக்கியின் துணைகொண்டு அந்த "அரசனை" அறுத்துப் பார்த்து, உள்ளே சினைப்பைகள் இருப்பதைக் கண்டார். இவ்வாறு அரசன் அரசியானான். ஆயினும் ஆட்சி என்ற எண்ணம் மட்டும் மனிதனை விட்டு அகலவில்லை.

உண்மையில் ராணித் தேனீ ஆள்பவள் அல்லள், தாய். பருவம் நன்றாக இருக்கும்போது நாள்தோறும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதே அவள் வேலை. அவளுக்கு அரச குலப் பிறப்பும் கிடையாது. வேலைக்காரத் தேனீயாக வேண்டிய அதே முட்டை, அதே புழு, பிறந்தது முதல் இறுதிவரை அரசக் கூழ் என்னும் சிறப்புணவை நிறைய உண்டால் ராணியாகிறது. சில நாளில் உணவு மாறினால் வேலைக்காரியாகிறது. சோறு மாறினால் பிறவியே மாறும் குடும்பம் இது.

ராணி ஒன்றும் செய்வதில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். அவள் உடலில் சுரக்கும் ஒரு மணப்பொருளைத் தோழியர் நக்கி, வாயோடு வாய் வைத்துக் கூட்டம் முழுவதற்கும் பரப்புகின்றனர். "தாய் இருக்கிறாள்" என்பதே அந்த மணத்தின் பொருள். ராணியை எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் கூட்டத்தின் ஓசையே மாறிவிடும். மறுநாள் பார்த்தால், இளம்புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் அறைகளை நீட்டிக் கட்டிப் புதிய ராணிக்கு வழி செய்திருப்பார்கள். ஆகவே, பெட்டியில் குறை கண்டால் ராணியின் மேல் கோபம் கொள்ளும் பெட்டிக்காரன், கூட்டத்தைப் பார்க்காமல் கிரீடத்தைப் பார்க்கிறான்.

இரண்டாம் கதை, தந்தையில்லாத இளவரசனின் கதை.

ஆண் தேனீ ஒருவன் பள்ளிக்கூடத்தில் சேரப் போனான். ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து, "தந்தை பெயர் என்ன?" என்றார். "எனக்குத் தந்தை கிடையாது, ஐயா." "இறந்துவிட்டாரா?" "இல்லை, எப்போதுமே இருந்ததில்லை." ஆசிரியர் இரக்கத்தோடு, "பாட்டனாராவது உண்டா?" என்று கேட்டார். "ஓ, பாட்டனார் உண்டே!" என்றான் அவன். ஆசிரியர் பதிவேட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மாணவர்களே, இக்கதையில் பள்ளிக்கூடம் ஒன்றைத் தவிர எல்லாம் மெய். ராணி ஆண்களோடு சேர்ந்து பெற்ற விந்தைத் தன் உடலில் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கிறாள். சிறிய அறையில் முட்டையிடும்போது அதிலிருந்து சிறிது கலந்து இடுகிறாள், அம்முட்டை பெண்ணாகிறது. பெரிய அறையில் கலவாமல் இடுகிறாள்; அம்முட்டை ஆணாகிறது. 1845-ஆம் ஆண்டில் சைலீசியாவைச் சேர்ந்த பாதிரியார் ஜெர்சோன் இதை வெளியிட்டபோது அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். அவரும் நம்மைப்போல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தாம்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு தாளை எடுத்து இந்த ஆண் தேனீயின் வமிசத்தை எழுதிப் பாருங்கள். பெற்றோர் ஒருவர், தாய் மட்டும். அத்தாய் பெண் ஆதலின் அவளுக்குத் தாய், தந்தை இருவர். அவ்விருவரில் பெண்ணுக்கு இருவர், ஆணுக்கு ஒருவர், ஆக மூவர். அதற்கு மேல் ஐவர். அதற்கும் மேல் எண்மர். ஒவ்வோர் எண்ணும் முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. கணித நூல்களில் பிபோனாச்சித் தொடர் என்று படிப்பீர்களே, அதுவே இங்கே ஒரு குடும்பத்தின் வமிசாவளியாக நிற்கிறது.

ஆண் தேனீயைச் சோம்பேறி என்று எல்லாரும் வைகிறார்கள். அவனுக்குக் கொடுக்கு இல்லை. மகரந்தம் சுமக்கப் பின்காலில் கூடை இல்லை. தலையில் பாதிக்கு மேல் கண்ணே. வானத்தில் ராணியைத் தேடிக் காணுதற்கென்று அமைந்த உடம்பு அது. சேர்ந்தவன் அப்பொழுதே இறக்கிறான். சேராதவன் பஞ்ச காலத்தில் வாசலுக்கு வெளியே தள்ளப்படுகிறான். எங்கள் நாட்டுத் தேனீயில் ஆணின் அறைக்கு இடும் மூடி கூம்பிய தொப்பிபோல் உயர்ந்து, நடுவில் ஊசித்துளை ஒன்றோடு இருக்கும். அத்தொப்பிகள் மிகுந்தால் கூட்டம் செழித்திருக்கிறது, குடி பிரியும் காலம் நெருங்குகிறது என்று கண்டுகொள்வேன். சோம்பேறி என்று தள்ளியவனே எனக்குப் பஞ்சாங்கம்.

மூன்றாம் கதை, தலைகீழ் உத்தியோகசாலை.

மனிதர் அலுவலகத்தில் இளைஞர் வெயிலில் அலைவர். வயது ஏறியவர் விசிறியின் கீழ் அமர்வர். தேனீக்களின் அலுவலகத்தில் முறை நேர்மாறு. புதிதாக வந்த பெண்ணுக்கு நிழலில் வேலை. "நான் முதியவள், இருபது நாள் ஆகிவிட்டது, எனக்கு ஓய்வு வேண்டும்" என்று ஒருத்தி விண்ணப்பித்தாளாம். "மிக்க மகிழ்ச்சி, இனி நீ வெயிலில், காற்றில், குருவிகள் பறக்கும் வெளியில் வேலை செய்யலாம்" என்று பதில் வந்ததாம்.

வேலைக்காரத் தேனீ பிறந்தவுடன் செய்யும் முதல் வேலை, தான் பிறந்த அறையைத் துப்புரவு செய்வது. சில நாளில் தலையிலுள்ள சுரப்பிகள் வளர, புழுக்களுக்கு ஊட்டும் செவிலியாகிறாள். இரண்டாம் வாரத்தில் வயிற்றின் அடிப்புறத்திலிருந்து மெழுகு கசிகிறது, கட்டடம் கட்டுகிறாள். பிறகு வாயிற்காவல். ஏறத்தாழ மூன்றாம் வாரத்துக்குப் பின்பே வெளியே சென்று பூத்தேனும் மகரந்தமும் தேடுகிறாள். வேலை மிகுந்த பருவத்தில் அவள் வாழ்நாள் மொத்தமே ஆறு வாரம். ஆபத்தான வேலை வாழ்வின் கடைசியில் வருகிறது. இழப்பு நேர்ந்தாலும் கூட்டத்துக்கு நஷ்டம் குறைவு என்பதே இதன் கணக்கு. இரக்கமற்ற கணக்குத்தான், ஆனால் மிகச் சரியான கணக்கு.

இந்த அலுவலகத்தில் மேலாளர் இல்லை. வேலைப் பட்டியலும் கல்வெட்டு அன்று. வெளியே செல்பவர்கள் ஏதோ காரணத்தால் மடிந்துவிட்டால், இளையவர்கள் நாளுக்கு முன்பே வெளியேறுகின்றனர். செவிலியர் குறைந்தால், முதியவர்களுக்கு வற்றிப்போன சுரப்பி மீண்டும் ஊறுகிறது. யாரும் சொல்லாமல் குறை நிறைகிறது.

காவல் காப்பவள் கொட்டும்போது, கொடுக்கிலிருந்து ஓர் எச்சரிக்கை மணம் எழுகிறது. அதிலுள்ள முக்கியமான பொருளே பழுத்த வாழைப்பழத்துக்கும் மணம் தருவது. 1962-ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. வாழை விளையும் எங்கள் ஊரில், பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் சிறிது புகை விடுவதும் இதனால்தான். புகை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. அன்றியும், புகை கண்ட தேனீ தேனை வயிறு நிறைய எடுத்துக்கொண்டு சற்று மந்தமாகிறது.

மாலையில் வாசலில் சிலர் வரிசையாக நின்று இறகு விசிறுவதைக் காணலாம். பூவிலிருந்து வந்த நீர்த்த இனிப்பில் உள்ள தண்ணீரைக் காற்றால் வற்றச் செய்து, நூற்றில் இருபது பங்குக்கும் கீழே கொண்டுவந்தால்தான் அது கெடாத தேனாகும். இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பியத் தேனீ வாசலை நோக்கித் தலை வைத்து விசிறி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கிறது. நம் நாட்டுத் தேனீயோ வாசலுக்கு முதுகு காட்டி, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. விருந்தினரைப் பார்த்தபடி விசிறுவது நம்மவர் மரபு என்று பிள்ளைகள் இதற்கும் ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

நான்காம் கதை, பலாக்கிளையில் கூடிய சபை.

கூட்டம் பெருகியபோது பழைய ராணி பாதிப் பேரோடு வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு வெளியேறினாள். எல்லாரும் பலாமரக் கிளையில் கொத்தாகத் தொங்கினர். வீடு தேடப் போனவர்கள் திரும்பினர். "புளியமரப் பொந்து நன்று" என்றாள் ஒருத்தி. "பழைய சுவரின் ஓட்டை அதைவிட நன்று" என்றாள் மற்றொருத்தி. மனிதர் சபையாயின் அன்றே இரண்டு கட்சியும் நான்கு துண்டுப் பிரசுரமும் தோன்றியிருக்கும். இவர்களோ மூன்றாம் நாள் ஒரே மனத்தோடு எழுந்து பறந்தனர்.

இச்சபை உண்மையிலேயே நடக்கிறது. 1949-ஆம் ஆண்டில், போரில் இடிந்து கிடந்த ம்யூனிக் நகரத்தில், மார்ட்டின் லிண்டாவர் என்ற இளம் அறிஞர் ஒரு தேனீக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் சில தேனீக்கள் ஆடின. ஆனால் அவை மகரந்தம் பூசியவை அல்ல. ஒன்றின் மேல் புகைக்கரி, ஒன்றின் மேல் செங்கல் தூள், ஒன்றின் மேல் மாவு. உணவு தேடப் போனவை இவ்வாறு அழுக்காகி வருவானேன்? புகைபோக்கி, இடிந்த சுவர் என்று வீடு பார்த்து வந்தவை அவை என்பது அவருக்குப் புலனாயிற்று.

தேனீயின் நடனத்தைப் படித்தறிந்தவர் அவருடைய ஆசான் கார்ல் வான் பிரிஷ்; அதற்காக 1973-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இருண்ட கூட்டுக்குள், நிமிர்ந்து நிற்கும் அடையின் மேல், தேனீ உடலை ஆட்டியபடி நேர்கோட்டில் ஓடுகிறது. நேர் மேலே ஓடினால் "சூரியனை நோக்கிச் செல்" என்று பொருள்; வலப்புறம் சாய்ந்தால் சூரியனுக்கு அத்தனை சாய்வில் வலப்புறம். ஓட்டம் நீண்டால் தொலைவு மிகுதி. லிண்டாவர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் பக்கத்துத் தேனீக்களையும் ஆராய்ந்தார். மொழி ஒன்றே, வழக்கு வேறு என்று கண்டார். நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும்போல, ஒரே தொலைவைச் சொல்ல ஒவ்வோர் இனமும் வெவ்வேறு அளவு ஆடுகிறது.

சபையின் நடைமுறையைப் பின்னர் அமெரிக்கரான தாமஸ் சீலி ஐரோப்பியத் தேனீயில் விரிவாக ஆராய்ந்தார். பல்லாயிரம் பேரில் சில நூறு பேரே வீடு தேடுகின்றனர். நல்ல இடத்தைக் கண்டவள் நெடுநேரம் ஆடுகிறாள். சுமாரான இடத்தைக் கண்டவள் சற்றே ஆடுகிறாள். பிறர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை; தாமே போய்ப் பார்த்து வந்துதான் ஆடுகின்றனர். ஆடியவளும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு பின்பு ஓய்ந்துவிடுகிறாள்; பிடிவாதம் அங்கே தானாகவே தேய்கிறது. மாற்றிடத்துக்காக ஆடுபவளைத் தலையால் முட்டி, கீச்சென்று ஒலித்து நிறுத்துவதும் உண்டு. ஓரிடத்தில் இருபது முப்பது பேர் ஒருங்கே கூடிவிட்டால் முடிவு எட்டியதாகும். ராணி இந்த விவாதத்தில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

இச்சபை எப்போதும் வெல்லும் என்று எண்ணவேண்டா. உடன்பாடு எட்டாமல் எழுந்த ஒரு கூட்டம் வானத்திலேயே இரண்டாகப் பிரிந்து தத்தளித்து, தன் ராணியை இழந்ததையும் லிண்டாவர் கண்டு எழுதியிருக்கிறார். முடிவுக்கு இத்தனை நேரம் எடுத்துக்கொள்வது வீண் அன்று என்பதற்கு அதுவே சான்று. கிளையில் தொங்கும் கொத்தைக் கண்டால் கல்லெறியும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அங்கே நடப்பது கூட்டத்தின் வாழ்வா சாவா என்ற ஆலோசனை. தொல்லை செய்யாதவரை அது யாரையும் கொட்ட வருவதும் அரிது. பெட்டி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அவர் நன்றியோடு வந்து எடுத்துச் செல்வார்.

ஐந்தாம் கதை, குடித்தனக்காரரின் கடிதம்.

ஒரு பெட்டிக்காரருக்கு ஒருநாள் இப்படி ஒரு கடிதம் வந்ததாம். "மதிப்புக்குரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு, உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் குடியிருந்தோம். வாடகையாகத் தேன் கொடுத்தோம். மாசியில் மேலறையை எடுத்தீர்கள், சரி என்றோம். பங்குனியில் மறுபடியும் எடுத்தீர்கள், பொறுத்தோம். ஆனி மழையில் பூ இல்லாத நாளில், பிள்ளைகளுக்கென்று கீழறையில் வைத்திருந்ததையும் எடுத்தீர்கள். பெட்டியின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறந்தீர்கள், எறும்பு வந்தது. மெழுகுப்பூச்சியும் வந்து அடையை அரித்தது. ஆகையால் காலி செய்கிறோம். முன்பணம் ஏதும் திருப்பித் தர வேண்டியதில்லை."

கடிதம் கற்பனை, காலி செய்வது கற்பனையன்று. நம் நாட்டுத் தேனீக்கும் ஐரோப்பியத் தேனீக்கும் உள்ள பெரிய வேறுபாடுகளுள் இது ஒன்று. பசியோ, பூச்சியோ, ஓயாத தொந்தரவோ மிகுந்தால் நம் தேனீ ராணி உட்படக் கூண்டோடு வெளியேறிவிடும். எங்கள் பகுதியில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு ஊறும். பூவில் அன்று, இலையில் ஊறும் தேன் அது. அக்காலத்தில் மேலறை நிரம்பி வழியும். பிறகு மழைக்காலத்தில் பஞ்சம். நிரம்பிய நாளையே நினைத்துக்கொண்டு பஞ்ச நாளில் கைவைப்பவன் பெட்டி மட்டும் மிஞ்சக் காண்பான். பஞ்சத்தில் கீழறைத் தேனைத் தொடாமல், சர்க்கரைத் தண்ணீர் வைப்பதே முறை.

வெளியேறுமுன் அவை அறிகுறி காட்டுகின்றன. ராணி முட்டையிடுவது குறைகிறது. மகரந்தம் வருவது நிற்கிறது. இருக்கிற புழுக்கள் வளர்ந்து வெளிவரும்வரை காத்திருப்பதும் உண்டு. பிறகு மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு ஒரு நல்ல வெயில் நாளில் பிரயாணம். வாரம் ஒருமுறை சட்டத்தைத் தூக்கிப் பார்ப்பவனுக்கு இது திடீர்ச் செய்தி ஆகாது.

இவ்வறிவு எத்தனை அவசியம் என்பதனை எங்கள் மாவட்டம் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் உணர்ந்தது. முதலில் தாய்லாந்தில் அறியப்பட்டதால் தாய் சாக்புரூட் என்று பெயர் பெற்ற நச்சுயிரி நோய், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பரவிற்று. நோய் கண்ட புழு கூட்டுப்புழு ஆகாமல், அறையில் நீட்டிக் கிடந்து, நீர் நிறைந்த சிறு பைபோல் மாறி இறக்கும். வளர்ந்த தேனீக்களோ வழக்கம்போல் போய்வந்துகொண்டிருக்கும். வாசலை மட்டும் பார்ப்பவனுக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். உள்ளே அடுத்த தலைமுறை அழிந்துகொண்டிருக்கும். பெட்டிகளில் பெரும்பகுதி வெறுமையாயிற்று. தேனை நம்பிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்த்த வீடுகள் எத்தனையோ தவித்தன. மனிதருக்கு இந்நோயால் தீங்கில்லை; ஆனால் தேனீக்குக் கொடுக்க மருந்தும் இல்லை.

நம் தேனீ எவ்வாறு மீண்டது? எல்லாக் குடிகளும் அழியவில்லை. சில குடிகள், செத்த புழுவை விரைந்து அகற்றியோ, இயல்பான எதிர்ப்பு ஆற்றலாலோ, பிழைத்தன. காட்டுப் பொந்துகளிலும் சில பிழைத்தன. அப்படிப் பிழைத்தவற்றைப் பொறுமையாகக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்தே புதுக் குடிகளைப் பிரித்துப் பெருக்கினார்கள் தேனீ வைத்திருந்தோர். வைத்தியம் செய்தது மனிதன் என்று சொல்வதற்கில்லை. பிழைக்கத் தெரிந்ததை அடையாளம் கண்டான், அவ்வளவே. நோய் இன்றும் இடையிடையே தலைகாட்டுகிறது. ஆதலால் இன்றும் சட்டத்தைத் தூக்கும்போது என் கண் முதலில் தேனைத் தேடுவதில்லை. புழு முத்துப்போல் வெளுத்து, வளைந்து கிடக்கிறதா என்றே தேடுகிறது.

இந்த ஐந்து கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி விளங்கும். தேனீ வளர்ப்பு என்ற சொல்லையே நான் சற்றுக் கூச்சத்தோடுதான் வழங்குகிறேன். ஆட்டையும் மாட்டையும்போல் நாம் தேனீயை வளர்ப்பதில்லை. கட்டிப்போட முடியாது, அதட்ட முடியாது. வீடு கொடுக்கலாம், எறும்பைத் தடுக்கலாம், பஞ்சத்தில் கைகொடுக்கலாம், மிஞ்சியதை எடுத்துக்கொள்ளலாம். பெட்டி என்ற கருவியே தேனீயின் சொல்லைக் கேட்டதால் பிறந்தது. ஒரு தேனீ புகுந்து செல்லும் அளவு இடைவெளியை மட்டும் அது மெழுகால் அடைக்காமல் வழியாக விட்டுவைக்கிறது என்பதை அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851-ஆம் ஆண்டில் கவனித்தார். அந்த இடைவெளியை விட்டுச் சட்டம் தொங்கவிட்டதால்தான், அடையைச் சிதைக்காமல் எடுத்துப் பார்த்துத் திருப்பி வைக்க முடிகிறது. அதற்கு முன் தேன் எடுப்பதென்றால் கூட்டைக் குலைப்பதென்றே பொருள்.

மாணவ நண்பர்களே, பெட்டி இல்லாதவர்கள் வருந்த வேண்டா. உங்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு முருங்கை பூத்திருந்தால் போதும். காலையில் பத்து நிமிஷம் அதன் அருகே அசையாமல் நில்லுங்கள். வரும் தேனீ பின்காலில் மகரந்தம் சுமக்கிறதா, வெறுங்காலோடு இனிப்புக்கு மட்டும் வந்திருக்கிறதா? ஒரே பூவினத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறதா, கண்ட பூவுக்கெல்லாம் தாவுகிறதா? எந்த நேரத்தில் கூட்டம் மிகுதி? குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மனம் போனபடி ஒரு கதை எழுதுங்கள். அரசியும் இளவரசனும் அதில் தாராளமாக வரட்டும். எழுதி முடித்த மறுநாள், அதே நேரத்தில் அதே மரத்தடிக்குப் போய், கதையைத் தேனீயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே பொருந்தவில்லையோ அங்கே உங்களுக்கு ஒரு புதிய பாடம் காத்திருக்கும்.